துவக்கு அலுமாரியை நான் திறந்த நாள்

ஆயுத அனுமதி அலுவலகத்துக்கென்று நீ எழுதித் தரச் சொன்ன அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், ராசா. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பியதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் அலுவல் முடிந்தது. "துவக்கு அலுமாரியின் இலக்கத்தை மகன் எனக்குச் சொல்லவில்லை. அவன் ஒருநாள் அழுத்தும்போது பின்னால் நின்று பார்த்து, அவனுக்குத் தெரியாமல் மனதில் வைத்திருந்தேன்." நல்ல ஜேர்மன், பிழை ஒன்றுமில்லை. முதல் வசனத்தை எழுதினேன். இரண்டாவதின் நடுவில் பேனை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கறிச்சட்டியைக் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால் வசனம் பாதியில் அப்படியே கிடந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன், தமிழில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது உனக்கு மறந்திருக்காது, ஆனால் மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி. போனில் கதைத்தால் நீ என்னைப் பாதியில் வெட்டுகிறாய், நானும் உன்னை வெட்டுகிறேன், பிறகு இருவரும் கத்துகிறோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அலுவல் எப்படி முடிந்தாலும், முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். உன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் இராது. நம்மவர்களின் பிள்ளைகள் இன்னும் சிலர் வேட்டைச் சோதனைக்குப் படிக்கிறார்கள் என்று கேள்வி. சிலர் துப்பாக்கி சுடும் கழகங்களில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டிலும் தாய்மார் இருக்கிறார்கள், கதவு மணி இருக்கிறது. வாசித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்துவிட்டாவது தங்கள் வீட்டு இலக்கத்தை மாற்றட்டும்.

நடந்ததை நீ என் வாயால் முழுதாக ஒருமுறையும் கேட்கவில்லை. "ஏன் திறந்தனீங்கள்? ஏன் திறந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாய். அன்று எனக்கு ஆய்வுகூடத்தில் விடுப்பு. அப்பா வேலைக்குப் போய்விட்டார். நீ வழக்கம்போலக் கிழமை நாட்களில் வன அலுவலர் வேலைக்கான காட்டுப் பயிற்சியில் இருந்தாய். மணி அடித்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் நின்றார்கள், கையில் அடையாள அட்டை. ஆயுத அனுமதி அலுவலகத்திலிருந்து வருகிறோம், உங்கள் மகனுடைய துவக்கு ஒழுங்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அந்தப் பெண். முன்கூட்டிச் சொல்லாமல் வருவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். மகன் இல்லை, வெள்ளிக்கிழமைதான் வருவான் என்றேன். "பரவாயில்லை, நாங்கள் இன்னொரு நாள் வருகிறோம்" என்றார். அவ்வளவுதான். அவர் திரும்பிப் படியிறங்கத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தில் நான் கதவைச் சாத்தியிருந்தால் நீ இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாய்.

நான் சாத்தவில்லை. "வந்ததற்குப் பார்த்துவிட்டே போங்கள்" என்று அவர்களைத் திரும்பக் கூப்பிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அலுமாரி எங்கே நிற்கிறது என்று வேண்டுமானால் பார்க்கலாம்" என்றார் அந்த ஆண். நிலவறைக்குக் கூட்டிப் போய் விளக்கைப் போட்டேன். உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் அப்பாவின் சைக்கிளுக்கும் நடுவில், சுவரோடு பொருத்தி, நேராக நின்றது உன் அலுமாரி. அந்தப் பெண் கதவின் தகட்டைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு "மிகவும் நன்றி, போதும்" என்றார். அப்போதுதான் நான், வந்த விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்பவள் போல, "உள்ளேயும் பாருங்களேன்" என்று இலக்கத்தை அழுத்தினேன். கதவு திறந்தது. உன் துவக்கு நின்றது, எண்ணெய் பூசித் துடைத்து, பட்டி சுற்றி. என் பிள்ளை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறான் பாருங்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த இரண்டு பேரும் துவக்கைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இந்த இலக்கம் தெரியுமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். "உங்களிடம் வேட்டை அனுமதி இருக்கிறதா?" இல்லை என்று சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அனுமதி உள்ளவனைத் தவிர வேறு ஒருவரின் கையும் அந்தத் துவக்குக்கு எட்டக் கூடாது. அதைப் பார்க்கத்தான் அவர்கள் வருவது. எட்டும் என்று நானே செய்து காட்டிவிட்டேன். "எங்களை உள்ளே விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கவில்லை" என்றார் அந்த ஆண், ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கிற குரலில். தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்டேன். ஆம், அந்த நேரத்திலும் கேட்டேன்.

அன்று பின்னேரமே நீ காட்டிலிருந்து ஓடிவந்து, அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, துவக்கைக் கொண்டுபோய் அனுமதி பெற்ற கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. பிறகு கடிதம் வந்தது. நீ நம்பத்தக்கவனா இல்லையா என்று அவர்கள் தீர்மானிப்பார்களாம். சட்டத்தின் சொல் அது. நம்பத்தகாதவன் என்று எழுதிவிட்டால் வேட்டை அனுமதி போய்விடும். வேட்டை அனுமதி இல்லாதவனுக்கு எந்த வன அலுவலகமும் ஒரு காட்டைப் பொறுப்பாகக் கொடுக்காது. மரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அமைதியாக இருக்கிற பிள்ளை நீ. சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரிந்த ஒரே ஆசை அது. அதை நான் ஒரு கையசைப்பில் கெடுத்தேன் என்கிறாய். எனக்கு ஆத்திரம் வருகிறது. உன்மேல், என்மேல், இரண்டு பேரையும் சரிசமமாக முட்டாளாக்கிய அந்த அலுமாரியின் மேல்.

ஏன் திறந்தேன்? எனக்கு ஜேர்மன் தெரியாததால் இல்லை. இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கே பல்கலைக்கழகத்தில் படித்து, இந்த ஊர்க் குடிதண்ணீரைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்து வைக்கிறவள் நான். பயந்தேனா என்றால் அதுவும் இல்லை, அந்தப் பெண் என்னைவிட வயது குறைந்தவள், நல்ல முகம். யோசித்துப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வருவது உன் அம்மப்பா. யாழ்ப்பாணத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று ஒழுங்கையில் சத்தம் கேட்டதும் அவர் செய்யும் முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லா அலுமாரிகளையும் திறந்து விடுவது. பெட்டிகளின் மூடிகளைத் தூக்கி வைப்பார். "பூட்டிக் கிடந்தா உடைப்பாங்கள். திறந்து கிடந்தா பாத்திட்டுப் போவாங்கள்" என்பார். எங்கள் வீட்டில் ஒரு பூட்டும் உடையவில்லை, அதனால் அது எங்களுக்குப் புத்தியாகவே பட்டது. விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே நான் என் கைப்பையின் சிப்பை இழுத்துத் திறந்து வைத்துக்கொள்வதைப் பார்த்து நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். அதே கைதான் அன்றும் போனது. அட்டை காட்டி ஒருவர் நின்றால், அவர் கேட்குமுன் திறந்துவிட வேண்டும். கேட்காமல் போகிறேன் என்கிறவரையும் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன் என்பதுதான் அம்மப்பாவைவிட நான் முன்னேறிய இடம்.

ஆனால் இது பாதிக் காரணம். மற்றப் பாதி உன்னுடையது, அதைப் பற்றி நீ வாய் திறக்கிறாய் இல்லை. போன மாரியில், ஏதோ அன்ட்ராக்கில், விண்ணப்பப் படிவத்தில், நிரப்ப வேண்டும் என்று துவக்கின் தொடர் இலக்கத்தைக் கேட்டு நீ காட்டிலிருந்து போன் எடுத்தாய். நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினேன்.

"அலுமாரி பூட்டிக் கிடக்கடா. திறப்பு எங்க?"

"திறப்பு இல்லை அம்மா, நம்பர்."

"என்ன நம்பர்?"

நீ சிரித்தாய். "வேற என்ன? எங்கட நம்பர்தான்."

எங்கட நம்பர். முதன்முதலில் நாங்கள் குடியிருந்த வீட்டின் இலக்கமும் மாடியும் சேர்ந்தது. அப்பாவின் வங்கி அட்டைக்கும் அதுதான், என் போனுக்கும் அதுதான், உன் பழைய சைக்கிள் பூட்டுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் ஒருவருடைய இலக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. உன் பரீட்சை முடிவுகளை உனக்கு முன் நான் திறந்து பார்த்திருக்கிறேன். அப்பாவின் சம்பளத்தை அப்பாவுக்கு முன் நீ பார்த்திருக்கிறாய். இதை நாங்கள் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டோம். நான் கதவைத் திறந்து, கண்ணாடி போட்டு, இரும்பில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். "டாங்கே அம்மா, மூடிவிடுங்கோ" என்றாய். இலக்கத்தை மாற்ற வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, மாற்றச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இதில்தான் எனக்குப் பொறுக்க முடியாதது இருக்கிறது. உன்னுடைய கவனத்தை நான் நேரில் பார்த்தவள். நீ என்னை ஒருநாள் பின்னேரம் காட்டுக்குக் கூட்டிப் போனாயே. வேட்டைக்காரர் உட்காரும் பரணின் மர ஏணியில் ஏறுவதற்கு முன் துவக்கிலிருந்து தோட்டாக்களை எடுத்து, பூட்டை இழுத்துத் திறந்து, தோட்டா கிடக்கும் அறை வெறுமை என்று எனக்குக் காட்டினாய். மேலே போய் உட்கார்ந்து பிறகுதான் திரும்பப் போட்டாய். சொல்லித்தராமலே எனக்கு விளங்கியது, இவனை நம்பலாம் என்று. வெளிச்சம் குறையும் நேரத்தில் ஒரு மான் வெளியில் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீ துவக்கைத் தொடவே இல்லை. "அது தாய், அம்மா. குட்டி எங்கயோ பக்கத்தில கிடக்கும். இப்ப சுட ஏலாது" என்று என் காதுக்குள் சொன்னாய். ஏன் துவக்கு, ஏன் துவக்கு என்று உன்னோடு மல்லுக்கட்டியவள் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது வாயடைத்து வந்தேன். காட்டில் அவ்வளவு சட்டம் தெரிந்த பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்து வெளியில் கழற்றி வைக்கிறாய். இது அம்மாவின் வீடு, இங்கே சட்டம் வராது என்று நினைத்தாயா?

அதற்குப் பிறகு ஒரு கறுப்புத் துவக்கு வந்தது. வந்தது என்றால் உன் போனில்தான். குசினி மேசையில் இரண்டு படங்களைக் காட்டினாய்.

"இது என்னட்ட இருக்கிறது. இது நான் வாங்கப்போறது. ரெண்டும் வேட்டைத் துவக்குத்தான்."

"உது ஆமிக்காரன்ர மாதிரியெல்லோ கிடக்கு."

"அது பிளாஸ்டிக் அம்மா. மரம் எண்டா மழைக்கு ஊறும். போடுற தோட்டா ரெண்டுக்கும் ஒண்டுதான்."

"ஒண்டு எண்டா உது என்னத்துக்கு?"

"ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுக்கத் தேவையில்லை. பண்டி ஓடேக்க ரெண்டாவது வெடி கெதியா வைக்கலாம். அதிலயும் மகசீனில ரெண்டுதான் போடலாம், சட்டம் அப்பிடி."

"அதே வேலை செய்யிற, மரப்பிடி போட்டது இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப?"

நீ படத்தை விரலால் பெரிதாக்கினாய். பிறகு வெட்கத்தோடு சிரித்தாய். "இது வடிவா இருக்கு."

அந்த ஒரு பதிலுக்காக உன்னை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. தொலைக்காட்சியில் இதைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். எங்கேயாவது ஒருவன் சுட்டுவிட்டால் உடனே ஒரு பக்கம் எழுந்து, இராணுவத் தோற்றமுள்ள துவக்குகள் தனியார் கையில் எதற்கு என்று கேட்கும். மறுபக்கம் எழுந்து, தோற்றம் யாரைக் கொன்றது, களவாக வருகிற துவக்குகளைப் பிடியுங்கள், அனுமதி எடுத்தவனை ஏன் நெருக்குகிறீர்கள் என்று கேட்கும். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது, இரண்டு பக்கத்தையும் கேட்டு எனக்குத் தலையிடிக்கிறது. ஒருவரும் உன்னைப் போல "வடிவா இருக்கு" என்று சொல்கிறார்கள் இல்லை. அந்த வடிவு, அந்த அழகு, எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டால் உனக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வடிவத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் நடந்தவர்களை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்களும் பார்த்தோம். பயத்தோடு பார்த்தோம், ஆனால் கண்ணை எடுக்காமலும் பார்த்தோம். அங்கே என்னோடு படித்த பெடியன்கள் அந்தத் துவக்கைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறுவார்கள். மான் வேட்டைக்காகக் கீறவில்லை. நல்ல மரப்பிடி போட்ட ஒரு துவக்கு அதே அளவு கொல்லும் என்று நீ சொல்வது சரி. ஆனால் கறுப்புத் துவக்கு கையிலிருக்கும்போது நீ உன்னை யாராக நினைத்துக்கொள்கிறாய் என்பதும் ஒரு கேள்விதான். சட்டத்தில் அதற்கு ஒரு வரி எழுதுவது கஷ்டம். தாய்க்குக் கேட்பது கஷ்டமில்லை.

நம்மவர்களும் சும்மா விடவில்லை. டோர்ட்மண்டில் அந்தப் பிறந்தநாள் மண்டபத்தில் உன்னை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தம், இவன் கடையில போய்க் காசு குடுத்து வாங்கிறான்" என்றார் ஒருவர். "விடுங்கோ அண்ணை, எங்கட பெடியனிட்ட துவக்கைக் குடுத்திருக்கிறாங்கள் எண்டா எங்களை நம்பிட்டாங்கள் எண்டுதானே அர்த்தம்" என்றார் இன்னொருவர். "நம்பினதோ? பண்டி கூடிப்போச்சு, சுட ஆள் காணாது, அதான்" என்று மூன்றாமவர். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அப்பா மட்டும், "பண்டியைப் பற்றிக் குறை சொல்லுறவைக்கு இறைச்சி இல்லை" என்று சொல்லி மண்டபத்தை வாயடைக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டாமவரின் பேச்சு எனக்குள் இருந்துவிட்டது. எங்களை நம்பிவிட்டார்கள். இத்தனை வருடம் இந்த நாட்டில் எத்தனையோ தாள்கள் எடுத்தோம், குடியுரிமைகூட எடுத்தோம். ஒருவரும் எங்களை நம்புகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் வேட்டைத் தாளில்தான் அந்தச் சொல் இருந்தது. அதனால்தான் அலுமாரியைத் திறந்தபோது பெருமைப்பட்டேன் போலிருக்கிறது.

இப்போது நீ கேட்க விரும்பாத ஒன்று. அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. பெற்ற தாயை அந்நிய ஆள் என்கிறதே என்று கொதித்தேன். ஒரு கிழமை கழித்து, ஆய்வுகூடத்தில் ஒரு வாசலில் என் அட்டையைக் காட்டும்போது உறைத்தது. அன்று வந்த இருவரும் அட்டை காட்டினார்கள். நான் அதை வாசித்தேனா? இல்லை. படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தேனா? இல்லை. அட்டை என்று ஒன்றை நீட்டி, மரியாதையாக இரண்டு வார்த்தை கதைத்த எவனுக்கும் நான் அந்தக் கதவைத் திறந்திருப்பேன். படியிறங்கிப் போகிறவனையும் கூப்பிட்டுத் திறந்திருப்பேன். நல்லவேளையாக வந்தவர்கள் உண்மையானவர்கள். நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும், உன் துவக்கு என்னளவுக்குத்தான் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த விதி உன்னைச் சந்தேகிக்கவில்லை, ராசா. என்னைச் சந்தேகித்தது. சரியாகச் சந்தேகித்தது.

இனி அப்பாவின் கதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கேட்ட அந்தப் பக்கத்தை எழுத மாட்டேன் என்றபோது அவர் கோபப்பட்டார். "ஒரு வசனம். பிள்ளையின்ர வாழ்க்கை. எழுதிக் குடன்" என்றார். "பொய்யப்பா அது" என்றேன். "எழுத்தில என்ன கிடக்கு? நாங்கள் எழுதாத கதையோ?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நின்றுவிட்டார். அகதி முகாமில் அவருடைய விசாரணைக்கு முன், கூட இருந்தவர்களில் ஒருவர் அவருக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தார். உண்மையில் நடந்தது போதாது, இதைச் சொன்னால்தான் இங்கே இருக்க விடுவார்கள் என்று. அப்பா அதைப் பாடமாக்கிச் சொன்னார். விட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் திரும்பிப் போக ஓரிடம் இருக்கவில்லை. ஆனால் பிறகு என்ன நடந்தது என்று பார். நீ பள்ளிக்கூட வேலைக்காக, ஊரை விட்டு வந்த கதையை அவரிடம் கேட்டபோது, கோப்பில் இருந்த கதையைத்தான் உனக்கும் சொன்னார். பிழையாகச் சொல்லிவிட்டால் என்ற பயம் போகவில்லை. நடந்தது வேறு. அதை இன்றுவரை எனக்கும் முழுதாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்த கதை நடந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நம் இருவருக்கும் அதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தியபோது நீ என்ன சொன்னாய்? "நீங்கள்தானே நான் அழுத்தேக்க பாத்து வச்சிருந்தனீங்கள்" என்றாய். நான் இன்னும் எழுதக்கூட இல்லை, நீ நம்பத் தொடங்கிவிட்டாய். நான் எழுதிக் கொடுத்தால் உனக்கு அனுமதி நிலைக்கலாம். நீ காட்டுக்குப் பொறுப்பாகலாம். ஆனால் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று இலக்கம் களவெடுத்த தாய் ஒருத்தி எனக்கும் உனக்கும் நடுவில் எப்போதும் இருப்பாள். அடுத்த முறை வேறொரு வீட்டில், வேறொரு அலுமாரியின் இலக்கத்தை உன் மனைவிக்கோ சிநேகிதனுக்கோ போனில் சிரித்துக்கொண்டு சொல்லும் நீ, அதில் ஒரு பிழையும் காண மாட்டாய். ஏனென்றால் உன் கதையில் பிழை விட்டது அம்மா.

அதனால் நடந்ததை நடந்தபடி ஜேர்மனில் எழுதினேன். மாரியில் நீ போன் எடுத்ததையும், அது எங்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த இலக்கம் என்பதையும், துவக்கை நான் ஒருநாளும் கையில் எடுக்கவில்லை என்பதையும், அவர்கள் போகிறோம் என்றபோது நானே கூப்பிட்டுத் திறந்ததையும். காட்டில் நீ எனக்குக் காட்டிய கவனத்தையும் எழுதினேன், அது பொய்யில்லையே. நீ இளம்பிள்ளை, முதல் பிழை, எச்சரித்து விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். விடுவார்களா என்று தெரியாது. விடாவிட்டால் சில வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று நீயே சொன்னாய். அந்த வருடங்கள் உனக்குக் கசக்கும். எனக்கும் கசக்கும். அதுவரை நீ வேறொருவரின் பொறுப்பிலுள்ள காட்டில் மரம் எண்ணிக்கொண்டிருப்பாய். எது நடந்தாலும் அந்த அலுமாரியை இங்கிருந்து கொண்டுபோ. நீ தனியாக இருக்கிற இடத்தில் வை, எனக்குத் தெரியாத ஒரு இலக்கத்தைப் போடு. நான் கேட்டாலும் சொல்லாதே. கேட்பேன், என் வாய் சும்மா இராது. "ஏலாது அம்மா" என்று சொல்லப் பழகு.

கறுப்புத் துவக்கைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை, அதுவும் பொய்யாகிவிடும்.

எழுதியதைத் தபாலில் போடவில்லை. வியாழக்கிழமை காலை எனக்கு அந்த அலுவலகத்தில் டேர்மின் என்று ஒரு நேரம் தந்திருக்கிறார்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் கேட்டால் வாயாலும் சொல்வேன். நீயும் வரலாம் என்று கடிதத்தில் இருக்கிறது. வந்தால் என்னோடு கதைக்க வேண்டாம், பக்கத்தில் உட்காரவும் வேண்டாம், கோபத்தோடே வா. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் இருந்து, இலக்கம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, ராசா. நீ சொல்லி முடித்ததும் அவர்கள் என் பக்கம் திரும்பி, அது உண்மையா என்று கேட்பார்கள். உன் முன்னாலேயே, "இல்லை" என்று நான் சொல்வேன்.